சிவப்பைப் பார்க்காத பச்சை

எங்கள் வீட்டில் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு கிடையாது. மாடியில் அத்தை, கீழே அம்மா, நடுவில் படிக்கட்டு மாதிரி நான். இரண்டு பேரும் என்னை மிதித்துத்தான் ஏறி இறங்குவார்கள். "தண்ணித் தொட்டி நிரம்பி வழியுதுன்னு மேல சொல்லு" என்பாள் அம்மா. அத்தை நாலு படி மேலேதான் நின்றுகொண்டிருப்பாள். காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொன்னால்தான் மோட்டாரை நிறுத்துவாள். போகிற வழியில் நானும் என் பங்குக்குக் கொஞ்சம் காரம் தூவுவேன். "தொட்டி வழியுதாம், உங்களுக்குக் காது அடைச்சுப் போச்சான்னு கேக்குறாங்க" என்பேன். அத்தை கோபப்பட மாட்டாள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "அதே வார்த்தையா, இல்ல நீ சேத்ததா?" என்று கேட்பாள்.

இந்தக் கேள்வியைக் கேட்டே அவள் பாதி உலகத்தைப் பகைத்துக்கொண்டவள். மீதிப் பாதிக்கு அவளை இன்னும் தெரியாது.

அத்தை அப்பாவின் தங்கை. அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பார், மீதிப் பாதி தூங்குவார். மனைவியையும் தங்கையையும் ஒரே கூரைக்குக் கீழே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறாரே, அவரைப் போன்ற புத்திசாலியை நான் பார்த்ததில்லை.

அத்தையின் தொழில் டேட்டாபேஸ் எழுதுவது. நெட்டில் தொங்குகிற பெரிய விஷயம் எதுவும் இல்லை. டயர் கடை, சலவைக்கடை, நாய் பூனை ஆஸ்பத்திரி என்று மேஜைமேல் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற இடங்களுக்கு, அங்கேயே அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடுகிற புரோகிராம். முதலில் டயர் கடையில் டைப் அடிக்கத்தான் போனாள். அங்கே எவனோ எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிப்போன புரோகிராம் ஒன்று, நாளுக்கொரு தடவை படுத்துக்கொள்ளும். எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது அத்தை மட்டும் அதைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு உள்ளே போன தலை இன்னும் வெளியே வரவில்லை.

இடையில் ஒரு கல்யாணமும் நடந்தது. மாமா நல்ல மனிதர்தான் என்கிறார்கள். ஆனால் அவர் எது சொன்னாலும் "எப்போ, எங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் எந்த மனிதர்தான் தாங்குவார்? தலை வலிக்குது என்று அவர் படுத்தால், இவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை மூடிப் பார்த்து, பிறகு திறந்து பார்த்து, ஒவ்வொன்றாக மாற்றி, எதனால் வலிக்கிறது என்று கண்டுபிடிப்பாளாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாதாம். மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடுமாம். கடைசியில் அவர் வீட்டை மாற்றிக்கொண்டார். அத்தை ஒரு பெட்டியோடும் மடியில் ஒரு கம்ப்யூட்டரோடும் எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தாள். அந்த அறையில் தையல் வகுப்பு நடத்துவதாக அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பகைக்கு விதை போட அது போதும். முளைத்தது வேறு ஒரு நாளில்.

அதற்கு முன் அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அத்தையைச் சொல்ல முடியாது.

ஊரில் எல்லாரும் பாடம் நடத்திவிட்டுப் பரீட்சை வைப்பார்கள். அத்தை பரீட்சையை முதலில் எழுதுவாள். நாயின் எடையைச் சேமிக்கிற பகுதி வேண்டும் என்றால், அதை எழுதுவதற்கு முன்னாலேயே ஒரு டெஸ்ட் எழுதுவாள். அது ஒரு குட்டிப் புரோகிராம். மனிதரைப் போல நடித்து ஒரு நாயைப் பதியும், எடையை அடிக்கும், சேமிக்கும், மறுபடி திறந்து அதே எடை இருக்கிறதா என்று பார்க்கும், பிறகு தன் கால் தடத்தை அழித்துவிடும். எல்லாமே நகல் எடுத்த டேட்டாவில்தான். உண்மை டேட்டாமேல் சோதனை ஓட்டுகிறவனை அவள் மனிதர்களில் சேர்ப்பதில்லை. புரோகிராமே இன்னும் எழுதாததால் முதல் தடவை டெஸ்ட் தோற்கும், திரையில் சிவப்பு வரும். அதைப் பார்த்தால்தான் அத்தைக்கு நிம்மதி. பிறகு புரோகிராமை எழுதி, மறுபடி ஓட்டி, பச்சை வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள்.

"நேரா பச்சை வந்தா என்ன கேடு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சிவப்பைப் பாக்காத பச்சைய நம்ப மாட்டேன்" என்றாள். "அது எல்லாருக்கும் பாஸ் போடுற வாத்தியார் மாதிரி."

பத்தாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் சிவப்பு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் இதைச் சொல்லலாமா? சொன்னாள். அந்த எரிச்சலில்தான் நான் அவளுடைய கம்ப்யூட்டரில் கை வைக்க ஆரம்பித்தேன். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நுழைவேன். ஒரு பூனைக்கு மைனஸில் எடை போடுவேன். ஒரு நாய்க்கு அடுத்த வருஷத்தில் பிறந்தநாள் வைப்பேன். பெயர் கேட்கிற கட்டத்தில் விரலை ஒரே எழுத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பேன். புரோகிராம் மூச்சுத் திணறி விழும். அத்தை ஈரத் தலையோடு வந்து கத்துவாள் என்று வாசலில் தயாராக நிற்பேன். அவளோ நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, "என்ன அடிச்ச? அதே மாதிரி இன்னொரு தடவை அடி" என்பாள். நான் அடித்துக் காட்டியதும் அதையே ஒரு டெஸ்ட்டாக எழுதி, 'வாலு' என்று பெயர் வைப்பாள். வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய எல்லாப் புரோகிராம்களிலும் வாலு, வாலு, வாலு என்று வரிசையாக நிற்கும். கோபத்தைக் கிளப்பப் போனவளுக்குச் சிலை வைத்துவிட்டாள். இதைவிட ஒருத்தியை அவமானப்படுத்த முடியுமா என்று அப்போது நினைத்தேன்.

இனி அம்மா கதை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா அயர்ன் பாக்ஸைத் தொட்டதும் ஷாக் அடித்தது. பெரிதாக இல்லை, சுருக்கென்று முழங்கை வரைக்கும். அம்மா கத்தினாள். மாடியிலிருந்து அத்தை ஓடி வந்தாள். வேறு யாராவது என்றால் என்ன செய்வார்கள்? கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். அத்தை அயர்ன் பாக்ஸைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள், பிறகு அம்மாவிடம் சொன்னாள்: "இன்னொரு தடவை தொட்டுக் காட்டுங்க அண்ணி."

அம்மா தொடவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டுக்குப் புதிய அயர்ன் பாக்ஸ் வந்தது. பழையதைத் தூக்கிப் போட அம்மா விடவில்லை. பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள், போலீஸ் ஸ்டேஷனில் கத்தியை வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

இவ்வளவும் இருக்க, அம்மா வேலைக்குப் போன இடம்தான் வேடிக்கை. நாய் பூனை ஆஸ்பத்திரியில் முன் மேஜைக்கு ஆள் தேவை என்று அப்பாவிடம் சொன்னதே அத்தைதான். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அங்கே ஓடுவதும் அத்தையின் புரோகிராம்தான். அம்மா நாள் முழுக்க நாத்தனார் போட்ட கட்டங்களில் எழுத்தைப் போட்டுக்கொண்டு, "இந்த பட்டனை இங்க வச்சவளுக்குக் கண்ணு தெரியாதா" என்று வருகிற நாய்களிடம் முறையிடுவாள்.

ஆஸ்பத்திரி அமைப்பு இப்படி. வாசலில் அம்மாவின் மேஜை, அதில் ஒரு கம்ப்யூட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் ஊசி போடும் அறை, அங்கே கம்பவுண்டரின் கம்ப்யூட்டர். நடுச்சுவரில் கைநுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். ஒவ்வொரு விலங்குக்கும் புரோகிராமில் ஒரு பக்கம் உண்டு. பெயர், ஒவ்வாத மருந்து முதலியவை அம்மா அடிப்பது. எடை, போட்ட ஊசி ஆகியவை கம்பவுண்டர் அடிப்பது. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் போய் உட்காரும். கம்பவுண்டர் என்பவர் வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருக்கும் மனிதர். அம்மாவை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார், அந்த ஒரு வார்த்தையிலேயே ஒரு முழு வசையும் இருக்கும்.

தையற்காரர் ஒருவரின் நாய்க்குக் காலில் புண். நாயை உள்ளே அனுப்பிவிட்டு அவர் வாசலில் நின்று, முன்பு வேறு இடத்தில் இன்ன ஊசி போட்டு இதன் முகம் வீங்கிவிட்டது என்று சொன்னார். அம்மா அதை ஒவ்வாத மருந்துக் கட்டத்தில் அடித்துச் சேமித்தாள். 'சேமிக்கப்பட்டது' என்று திரையும் சொன்னது. அன்றைக்கு ஊசி இல்லை, புண்ணைக் கழுவிக் கட்டு போட்டு அனுப்பினார்கள். மறுநாள் கட்டு மாற்ற நாய் வந்தபோது டாக்டர் அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். கட்டம் வெறுமையாக இருந்தது. அதே ஊசியைப் போட்டார். நாயின் கண் இரண்டும் மூடுகிற அளவுக்கு முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் தையற்காரர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் கூண்டில் இருந்த பூனைகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டனவாம்.

டாக்டர் விசாரணை வைத்தார். அடித்தேன் என்றாள் அம்மா. மேடம் அடிக்கவே இல்லை, போனில் பேசிக்கொண்டிருந்தார் என்றார் கம்பவுண்டர். நீதான் அழித்தாய் என்றாள் அம்மா. டாக்டர் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தை வழக்கம்போல டெஸ்ட் எல்லாவற்றையும் ஓட்டினாள். மேலிருந்து கீழ்வரை பச்சை. "சேமிச்சது போகாது டாக்டர். ஒவ்வாத மருந்துக்குத் தனியா டெஸ்ட் இருக்கு. பச்சை" என்றாள்.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் கணக்கு எளிது: புரோகிராம் சரி என்றால் அம்மா பொய். திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார். எந்த முடிவு என்று கூண்டுக்குள் இருந்த கிளிக்குக்கூடத் தெரியும்.

அன்று அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டின் அடியில் நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் பேசினாள். "சொல்லு அவகிட்ட. என் ரூமைப் புடிச்சா, போகட்டும். என் வேலையையும் புடிச்சாச்சுன்னு சொல்லு. இனி என் மூஞ்சில அவ முழிக்கக் கூடாதுன்னு சொல்லு."

மேலே போனேன். அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அம்மா சொன்னதில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை. ஆனால் சொல்லி முடித்தபின் என்னுடையதாக ஒன்றைச் சொன்னேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

"அன்னைக்கு அம்மாவை ஷாக்கைத் திரும்பத் தொடச் சொன்னீங்க. இப்ப நீங்க எதைத் தொட்டுப் பாத்தீங்க? பச்சைய எண்ணிட்டு வந்துட்டீங்க."

அத்தை கண்ணாடியை மேலே தள்ளினாள். "இது உங்கம்மா சொன்னதா, நீ சேத்ததா?"

"நான் சேத்தது."

"சரி" என்றாள். அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், டேட்டாவை நகல் எடுத்து, அம்மாவின் மேஜையில் உட்கார்ந்தாள். தையற்காரரின் நாயைத் திறந்தாள், அடித்தாள், சேமித்தாள். இருந்தது. மெதுவாக அடித்தாள், வேகமாக அடித்தாள், சேமிக்கும்போதே திரையில் அந்தப் பக்கத்தை மூடினாள். இருந்தது. கம்பவுண்டரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து அங்கிருந்தும் செய்தாள். புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஒவ்வொரு வரியிலும் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு துளி சிந்தவில்லை. "மேடம் பண்ணினதுக்கு நீங்க ஏன் மேடம் கஷ்டப்படுறீங்க?" என்றாராம் கம்பவுண்டர், மென்றுகொண்டே.

பொழுது சாய்வதற்குள் அத்தை எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அத்தை என்னிடம் பேசினாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. நான் தனியா செஞ்சா அந்தத் தப்பு வர மாட்டேங்குது. பாத்தவங்க கைதான் வேணும். அன்னைக்கு என்னென்ன செஞ்சாங்களோ அதையே செஞ்சு காட்டணும்."

"எதுக்காம்?" என்றாள் அம்மா பாத்திரத்திடம். "மறுபடியும் நான் தொட்டுக் காட்டணுமாமா?"

"ஆமான்னு சொல்லு" என்றாள் அத்தை.

அம்மாவின் கையில் இருந்த கரண்டி என் தலைக்குமேல் பறக்கப் போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். பறக்கவில்லை. அம்மா அதைக் கழுவி, கவிழ்த்து, கையைத் துடைத்தாள். "ஆஸ்பத்திரி சாவி என்கிட்டதான் இருக்கு. காலைல வரச் சொல்லு. என்னோட சேந்து நடக்க வேணாம், பின்னால வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் தங்கவிட்ட நாய்கள் இரண்டைத் தவிர யாரும் இல்லை. அம்மா முன் மேஜையில், அத்தை ஊசி அறையில், நான் நடுவில் இருந்த சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் இடையே ஒரு செங்கல் கனம்தான் இருந்தது. ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி காகிதம் பறக்கும். ஆனாலும் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போனது.

அத்தை கேட்கச் சொன்னாள்: நாய் வந்ததும் முதலில் என்ன செய்தார்கள்? அம்மா சொல்லச் சொன்னாள்: பெயரைத் தேடிப் பக்கத்தைத் திறந்தேன். பிறகு? நாயை உள்ளே அனுப்பினேன். பிறகு? தையற்காரர் பேச ஆரம்பித்தார், கேட்டுக்கொண்டே அடித்தேன். அடிக்கும்போது நாய் எங்கே இருந்தது? இப்படி ஒரு கேள்வியை அம்மா எதிர்பார்க்கவில்லை. உள்ளேதான், கம்பவுண்டர் அதை எடைபோட மிஷின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார், அது ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது என்றாள்.

"அவர் ஸ்கிரீன்ல அப்ப என்ன இருந்துச்சுன்னு தெரியுமான்னு கேளு."

"அந்த ஆள் சோம்பேறி. நாய் கதவுல கால் வைக்கும்போதே அதோட பக்கத்தைத் திறந்து வச்சிடுவான், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எடையை அடிச்சுச் சேமிப்பான்னு சொல்லு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அத்தை கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள். அவள் முகம், டயரில் காற்று இறங்குவதைப் பார்க்கிற டிரைவரின் முகம்.

அவள் நகல் டேட்டாவில் தையற்காரரின் நாய்ப் பக்கத்தைத் தன் திரையில் திறந்து வைத்துக்கொண்டாள். ஒவ்வாத மருந்துக் கட்டம் காலி. பிறகு அம்மாவை அடித்துச் சேமிக்கச் சொன்னாள். அம்மா அடித்தாள். சேமிக்கப்பட்டது என்று வந்தது. அதன்பின் அத்தை தன் பக்கத்தில் எடையை அடித்துச் சேமித்தாள். அங்கும் சேமிக்கப்பட்டது என்று வந்தது. அம்மா பக்கத்தை மூடித் திறந்தாள்.

கட்டம் காலி.

எனக்கே புரிந்துவிட்டது. அத்தையின் திரையில் இருந்தது அம்மா அடிப்பதற்கு முன்னால் பிடித்த போட்டோ மாதிரி. எடையைச் சேமிக்கும்போது புரோகிராம் எடையை மட்டும் எழுதவில்லை, போட்டோ முழுவதையும் எழுதிவிட்டது, காலிக் கட்டத்தோடு சேர்த்து. கம்பவுண்டர் எதையும் அழிக்கவில்லை. அம்மா எதையும் மறக்கவில்லை. கடைசியாகச் சேமித்தவர் முந்தியவரைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார், இரண்டு பேருக்கும் தெரியாமலே.

அவ்வளவு டெஸ்ட் எழுதினவளுக்கு இது எப்படித் தப்பியது என்று கேட்டால், பதில் சுலபம். வாலு உட்பட அவளுடைய எல்லா டெஸ்ட்டிலும் ஒரே ஆள்தான். ஒரு ஆள் திறப்பார், ஒரு ஆள் அடிப்பார், அதே ஆள் திரும்பி வந்து பார்ப்பார். ஒரு பக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருக்க முடியும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. மாடியில் தனியாக இருக்கிறவளுக்கு எப்படித் தோன்றும்?

"இன்னொரு தடவை" என்றாள் அத்தை. அவள் என்னிடம் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னாள், சத்தமாக.

அம்மாவும் எனக்காகக் காத்திருக்கவில்லை. "சேமிச்சுட்டேன். இப்ப நீ அடி" என்றாள்.

"அடிச்சுட்டேன். திறங்க அண்ணி."

"போச்சு."

"இன்னொரு தடவை."

"போச்சு."

நான் ஜன்னலை விட்டு நகர்ந்து கூண்டு நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போனேன். அதற்குத் தண்ணீர் இருந்தது. பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா ஜன்னலை ஒட்டி முகத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். குரல் ஒன்றும் இனிக்கவில்லை.

"இத டாக்டர் முன்னாடி கேட்டிருக்கலாம். பச்சை பச்சைன்னு சொல்லிட்டுப் போன."

"தப்புதான்."

"அயர்ன் பாக்ஸ் அன்னைக்கும் நான் பொய் சொல்லல."

"அன்னைக்கு நான் நம்பினேன் அண்ணி. நம்பாதவங்ககிட்ட இன்னொரு தடவை செய்யுங்கன்னு கேக்கவே மாட்டேன்."

"நம்பினவ நீ தொட்டுப் பாத்திருக்கணும். என் கையைக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் அம்மா.

அன்று மாலைக்குள் அத்தை தவறைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. இரண்டு கைகளை வைத்து ஒரு டெஸ்ட் மட்டும் எழுதினாள். ஒரு கை பக்கத்தைத் திறந்து வைக்கும், இன்னொரு கை ஒவ்வாத மருந்தை அடித்துச் சேமிக்கும், முதல் கை எடையைச் சேமிக்கும், பிறகு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும். ஓட்டினாள். நீண்ட பச்சை வரிசையின் அடியில் ஒரே ஒரு சிவப்பு.

திங்கட்கிழமை டாக்டரிடம் அந்தச் சிவப்பைத்தான் கொண்டுபோய்க் காட்டினாள். நடந்ததை அம்மா வந்து டாக்டர் குரலிலேயே நடித்துச் சொன்னாள். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது, பிறகு காது சிவந்தது. ஒரு நாய் சாகப் பார்த்தது, ஒரு பொம்பளையைத் திருடி மாதிரி நிற்க வைத்தேன், இப்போது வந்து சிவப்பு, பச்சை என்று விளக்கு காட்டுகிறாயா என்று கத்தினாராம். கம்பவுண்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

"இவ்வளவு தெரிஞ்சவ, சத்தம் போடாம சரி பண்ணிட்டுப் போயிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்று கடைசியில் கேட்டிருக்கிறார் டாக்டர்.

அத்தை சொன்ன பதிலை மட்டும் அம்மா நடிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா சொன்னாள்: "சரி பண்ணிட்டா எல்லாம் பச்சையாயிடும் டாக்டர். அப்புறம் அண்ணி சொன்னத யாரு நம்புவாங்க?"

அம்மாவின் வேலை நின்றது. நின்றது என்றால் நிலைத்தது. டாக்டர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கிற வகை. அம்மாவின் மேஜைக்கு ஒரு புதிய ஃபேன் வந்தது. அத்தையின் வேலை போனது. ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வேறு புரோகிராம் வாங்கப்போவதாக டாக்டர் சொல்லிவிட்டார். போகிற புரோகிராம்தானே என்று அத்தை விடவில்லை. அது வரும்வரை ஓடியாக வேண்டும் என்று உட்கார்ந்து திருத்தினாள். இப்போது சேமிக்கும்போது மாற்றிய கட்டத்தை மட்டும்தான் எழுதும். ஒரே கட்டத்தை இரண்டு பேர் மாற்றியிருந்தால் நின்று, 'நீங்கள் திறந்தபின் இன்னொருவர் இதை மாற்றியிருக்கிறார்' என்று இரண்டையும் காட்டும். கடைசிச் சிவப்பு பச்சையானது. அந்த டெஸ்ட்டுக்கு அவள் வைத்த பெயர் 'அண்ணி'. டயர் கடைக்கும் சலவைக்கடைக்கும்கூட அதைப் போட்டுவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? கீழே போய் அம்மாவிடம் வத்தி வைத்தேன்.

"என் பேர எடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா. "நான் என்ன அவ வீட்டு நாயா?"

"எடுக்க முடியாதுன்னு சொல்லு" என்றாள் அத்தை படிக்கட்டில் நின்று. "எடுத்தா அந்தத் தப்பு மறுபடி வரும்."

அப்படியாக, மறுபடியும் என் வழியாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நினைக்க நான் என்ன சின்னக் குழந்தையா? நான் மட்டும் வார்த்தை சேர்ப்பதை விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

போன வாரம் அத்தை மோட்டாரைப் போடக் கீழே வந்தபோது அம்மா பரணிலிருந்து துணி மூட்டையை இறக்கினாள். பழைய அயர்ன் பாக்ஸ். தூசியைத் தட்டி, மேஜைமேல் வைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தாள்.

"தொடு."

அத்தை மோட்டாரை மறந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள். விளையாட்டெல்லாம் என் துறை, இவர்கள் எதற்கு இறங்கினார்கள்?

"அன்னைக்கு நீங்க செருப்பு போட்டிருந்தீங்களா?" என்று கேட்டாள் அத்தை.

"இல்ல."

அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தாள். வெறுங்காலோடு தரையில் நின்று, புறங்கையால் அயர்ன் பாக்ஸின் உலோகத்தைத் தொட்டாள். கை தானாகப் பின்னால் பறந்தது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"ஆமா" என்றாள். "அடிக்குது."

அம்மா அசையவில்லை. "இன்னொரு தடவை" என்றாள்.

அத்தை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கையை மறுபடி நீட்டினாள். அது பெட்டியில் படுவதற்குள் அம்மா ஒயரைப் பிடித்து வெடுக்கென்று பிளக்கைப் பிடுங்கினாள்.

"போதும், சிவப்பு பாத்தாச்சில்ல" என்றாள். "போய் மோட்டாரைப் போடு. தொட்டில தண்ணி இல்ல."